சாவி கொடுக்கும் கடிகாரமும் சாவி வேண்டாக் கடிகாரமும்

மட்டாஞ்சேரியில் யூதர் தெருவின் கோடியில், பழைய தொழுகை இல்லத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்பதை நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் கண்டிருப்பர். 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகபி என்னும் யூத வணிகப் பெருமகனாரின் முயற்சியால் எழுந்தது அது. அதன் முகப்புகளில் ஒன்றில் எபிரேய எழுத்துகளும், ஒன்றில் உரோம எண்களும், ஒன்றில் மலையாள எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. காலம் ஒன்றே, அதனைப் படிப்போர் பலர். அவரவர்க்குத் தெரிந்த எழுத்தில் அவரவர் மணி பார்த்துக்கொள்ளட்டும் என்று எண்ணிய அப்பெரியோரின் பெருந்தன்மையை என்னென்பது!

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு அம்மணிக்கூண்டைக் காணுந்தோறும் ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. நம் வீடுகளிலும் ஒரே கடிகாரத்தை இரண்டு ஊர்களுக்காகப் படிப்பது வழக்கமாகிவிட்டது. சுவரில் மணி எட்டு அடித்தால், "துபாயில் இப்போது ஆறரை, பிள்ளை எழுந்திருப்பான்" என்று சொல்லாத தாய்மார் வைப்பின் தீவில் எத்தனை பேர்? ஆதலின் கைக்கடிகாரங்களைப் பற்றி நம் சங்க இதழில் ஒரு கட்டுரை வரைதல் பொருந்தாச் செயலன்று என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம். நாம் கடிகார வல்லுநர் அல்லோம். இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவர். எனினும் இரண்டு கைக்கடிகாரங்கள் நம் இல்லத்தில் எழுப்பிய வழக்கு நம்மைச் சிறிது ஆராயும்படி செய்தது. அதனை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

மாமா விட்டுச்சென்ற கடிகாரம்

நம் தாயாருடன் பிறந்த மூத்த மாமா தூத்துக்குடியில் பிறந்து கப்பலில் மாலுமியாக வேலை பார்த்தவர். 1974-ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் துறையில் இறங்கியபோது, பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து அவர் ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். சுவிட்சர்லாந்து நாட்டில் செய்யப்பட்ட, கையால் சாவி கொடுக்கும் குரோனோகிராப் அது. வலப்புறம் சாவிக்குமிழுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள். முகப்பினுள் இரண்டு சிறு வட்டங்கள். விளிம்பைச் சுற்றி நுண்ணிய எண் வரிசை. நாம் சிறுவராக இருந்தபோது, பணி ஓய்வு பெற்ற மாமா வைப்பினுக்கு வந்து தங்குவார். மாலையில் புதுவைப்புக் கடற்கரைக்கு நம்மை அழைத்துச் செல்வார். 1979 முதல் ஒளிவீசி வரும் கலங்கரை விளக்கம் அங்கே உள்ளதன்றோ? அதன் ஒளி ஒருமுறை வந்து மறுமுறை வரும் வரையுள்ள நொடிகளைப் பொத்தானை அழுத்தி அளந்து காட்டுவார். "ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டுல. இருட்டுல கரையைப் பார்த்தா, எண்ணித்தான் இது எந்த ஊருன்னு சொல்லணும்" என்பார். அக்கடிகாரம் நமக்கு அன்று ஒரு மந்திரப் பேழையாகவே தோன்றிற்று.

மக்கட்பேறு இல்லாத அவர் மறைந்த பின்னர் அக்கடிகாரம் நம் தாயார் கைக்கு வந்தது. தாயார் அதனை ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அதன் பிறகு நேர்ந்ததையே இனிச் சொல்ல வேண்டும்.

நம் தம்பி மின்பணி பயின்றவன். வளைகுடா நாட்டு வேலைக்கான நேர்காணல் ஒன்று எர்ணாகுளத்தில் காலை ஒன்பதரை மணிக்கு அமைந்தது. நல்ல காரியத்திற்குப் போகிறவன் மாமாவின் ஆசியோடு போகட்டும் என்று தாயார் பெட்டியைத் திறந்து கடிகாரத்திற்குச் சாவி கொடுத்து அவன் கையில் கட்டிவிட்டார். முதல்நாள் இரவே மணி திருத்தியாயிற்று. காலையில் அவன் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தையே நம்பிப் புறப்பட்டான். அது இருபத்து மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது! போக வேண்டிய படகு போய்விட்டது. பாலத்தின் வழியே பேருந்து ஏறியும் பயனில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது அவனது முறை கடந்து, வேறொருவர் தேர்வாகிவிட்டார். வேலை போயிற்று.

அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. "மாமா கடிகாரம் என் வாயில மண்ணைப் போட்டுட்டு" என்றான் தம்பி. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். உண்மையில் குற்றம் கடிகாரத்தின் மேலதும் அன்று, அதனைச் செய்தவர் மேலதும் அன்று. பல்லாண்டுகள் எண்ணெய் காணாது பெட்டியில் கிடந்த ஒரு பொறியைத் துடைத்துக் கட்டிவிட்டால் அது நேரம் காட்டும் என்று நம்பியது நம் அனைவருடைய பிழையே.

பெயரும் தொழிலும்

குரோனோகிராப் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'காலத்தை எழுதுவது' என்பது பொருள். 1821-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நிக்கோலா ரியூசெக் என்பவர் குதிரைப் பந்தயங்களை அளப்பதற்காகச் செய்த கருவி மெய்யாகவே ஒரு துளி மையை முகப்பின்மேல் இட்டுக் காலத்தை எழுதிற்று. அவருக்கு முன்னரே, 1816-இல், லூயி முவானே என்பவர் வானியல் ஆராய்ச்சிக்காக அத்தகைய கருவி ஒன்றை ஆக்கியிருந்தார். இன்று மை இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சுருங்கச் சொன்னால், மணி காட்டும் கடிகாரமும் ஓட்டப் பந்தயக் கடிகாரமும் ஓர் உடலில் உறைவதே குரோனோகிராப்.

இதனைக் குரோனோமீட்டர் என்பதோடு மயங்குதல் கூடாது. பொத்தான் இருப்பினும் இல்லாவிடினும், துல்லியச் சோதனையில் தேறிய கடிகாரமே குரோனோமீட்டர் எனப்படும். சுவிட்சர்லாந்தில் அச்சோதனை பதினைந்து நாள் நடைபெறுகிறது. ஐந்து கிடக்கைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் வைத்துப் பார்த்து, நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடிக்கு மேல் பின்தங்காமலும் 6 நொடிக்கு மேல் முந்தாமலும் இருந்தால் சான்றிதழ் அளிக்கின்றனர். கடைக்காரர் கூறும் பெயரில் மயங்கி மிகுதியாகப் பணம் கொடுப்போர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

உள்ளே நடப்பது என்ன? சாவி கொடுக்கும்போது ஒரு வில்சுருள் இறுகுகிறது. அது விரியும் ஆற்றல் பல்சக்கரங்களின் வழியே ஓடி, இறுதியில் ஒரு துடிப்புச் சக்கரத்தை அடைகிறது. அச்சக்கரம் மயிரிழை போன்ற மற்றொரு சுருளால் இழுக்கப்பட்டு இப்புறமும் அப்புறமும் ஆடுகிறது. மாமாவின் கடிகாரத்தில் அது மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. ஆகவே அதனால் நொடியில் ஐந்திலொரு பங்கு வரை அளக்க இயலும். மேற்பொத்தானை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்களோடு வேறொரு சக்கரம் வந்து பல் பொருந்துகிறது. நடுவிலுள்ள நெடுமுள் புறப்படுகிறது. மீண்டும் அழுத்தினால் நிற்கிறது. கீழ்ப்பொத்தானை அழுத்தினால் முள் தன் இடத்திற்குத் தாவி வந்து சேர்கிறது. இவ்வளவும் மின்சாரம் ஒரு துளியும் இன்றி, ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறிது பெரிய இடத்திற்குள் நடைபெறுகிறது என்றால் மனித அறிவின் திறத்தை வியவாதிருக்க முடியுமோ?

விளிம்பிலுள்ள எண் வரிசை வேகம் அறிவதற்குரியது. இருப்புப்பாதை ஓரத்தில் கிலோமீட்டர் கல் நிற்பதை அன்பர்கள் அறிவர். ஒரு கல்லைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தி, மறுகல்லைக் கடக்கும்போது நிறுத்துக. நாற்பத்தைந்து நொடி ஆயிற்றெனில் முள் நிற்குமிடத்தில் 80 என்றிருக்கும். வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பது பொருள். 3,600-ஐ நொடிகளால் வகுத்தால் வருவது இதுவே. முப்பத்தாறு நொடியெனில் வேகம் 100. ஊருக்குப் போகும் நெடும்பயணத்தில் பிள்ளைகளுக்கு வகுத்தற் கணக்குப் பயிற்றுவிக்க இதனினும் இனிய வழி இல்லை.

இவ்வகைக் கடிகாரம் பெற்ற பெரும்புகழுக்குக் காரணம் ஒன்று உண்டு. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலம் பழுதுற்று, மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டுக் கருவிகள் பலவும் நிறுத்தப்பட்ட நிலையில் புவியை நோக்கித் திரும்பியது. பாதையைத் திருத்த இயந்திரத்தைப் பதினான்கு நொடி மட்டும் இயக்க வேண்டியிருந்தது. அப்பதினான்கு நொடியையும் விண்வெளி வீரர் தம் கையிலிருந்த ஒமேகா குரோனோகிராப்பால் அளந்தனர். சாவி கொடுத்த ஒரு வில்சுருள் மூன்று உயிர்களுக்குத் துணைநின்றது.

படிகத்தின் துடிப்பு

இனி, சாவி வேண்டாக் கடிகாரத்தைப் பார்ப்போம். 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் இருவர் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுகிறது. அதன் மறுதலையாக, மின்னூட்டினால் அப்படிகம் அசைகிறது. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் அவ்வினத்தைச் சார்ந்தது. 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் என்பவர் இப்படிகத்தைக் கொண்டு ஒரு கடிகாரம் அமைத்தார். அஃது ஓர் அலமாரி அளவினது. அதனைக் கையில் கட்டும் அளவிற்குச் சுருக்கிய பெருமை ஜப்பானியர்க்கு உரியது. 1969 டிசம்பர் 25-ஆம் நாள் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்னும் பெயரில் முதற் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. விலை 4,50,000 யென். அக்காலத்தில் ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலை!

இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்தில் கவட்டை வடிவிலான சிறு படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைத் தேர்ந்ததில் ஒரு நயம் உண்டு. அதனைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள்; பதினைந்தாம் முறை ஒன்று எஞ்சும். கடிகாரத்தினுள் இருக்கும் மின்சுற்று அவ்வாறே பதினைந்து முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பைப் பெற்று எண்ணை மாற்றுகிறது. நொடிக்கு ஐந்து முறை ஆடுவது எங்கே, முப்பத்திரண்டாயிரம் முறைக்கு மேல் அதிர்வது எங்கே? துல்லியத்தில் இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளிக்கு இதுவே தலையாய காரணம்.

இம்மாற்றம் உலகத் தொழிலையே புரட்டிவிட்டது. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். 1983-இல் ஐம்பத்தொரு உறுப்புகள் மட்டுமே கொண்ட சுவாட்ச் என்னும் மலிவுக் கடிகாரத்தைக் கொணர்ந்த பின்னரே அந்நாடு தலைநிமிர்ந்தது. நம் நாட்டுக் கதையும் இதனோடு ஒத்ததே. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூடி, எச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. திருமணத்தில் மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. கட்டாத வீடு அரிது. 1984-இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து டைட்டான் நிறுவனத்தைத் தொடங்கின; நம் ஒசூரில் எழுந்த அதன் தொழிற்சாலை குவார்ட்ஸையே தன் வழியாகக் கொண்டது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. ஆயினும் போட்டியில் நிற்க இயலவில்லை. 2016-இல் அதன் கைக்கடிகாரப் பிரிவை மூட நடுவண் அரசு முடிவெடுத்தது. இன்று பழைய எச்.எம்.டி.யைத் தேடி அலைவோர் பலர். அன்று அதனைக் கைவிட்டோரும் நாமே.

முப்பது நாள் சோதனை

தம்பிக்கு மூன்று திங்கள் கழித்து வேறோர் அழைப்பு வந்தது. இம்முறை சார்ஜாவில் ஒரு கிடங்கில் மின்பணி. இறையருளால் தேர்வும் ஆயிற்று. புறப்பட ஒரு மாதத்திற்கு மேல் இருந்தது. மாமாவின் கடிகாரத்தைச் செப்பனிடப் பன்னீராயிரம் ரூபாய் ஆகும் என்றார் பழுது பார்ப்பவர். அதே வேளையில், பழங்கடிகாரம் சேர்க்கும் அன்பர் ஒருவர் அதனை உள்ளபடியே நாற்பதாயிரத்திற்கு எடுத்துக்கொள்வதாகக் கூறினார். பயணச் செலவுக்குப் பணம் தேவையாயிருந்த நேரம் அது. "வித்துருங்கண்ணே, அது இருந்து என்னத்துக்கு?" என்றான் தம்பி. தாயார், "முதல்ல அதை ஓட வை, ஓடாத பொருளுக்கு விலை சொல்லக்கூடாது" என்றார். அச்சொல்லில் இருந்த நியாயம் நம்மைக் கட்டிப்போட்டது. செப்பனிட்டோம்.

கூடவே தம்பிக்கென இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயில் ஒரு குவார்ட்ஸ் பயணக் கடிகாரமும் வாங்கினோம். காசியோ நிறுவனத்தின் ஏ.இ.1200 என்னும் வகை அது. எண்களால் மணி காட்டுவது; மூலையில் சிறிய உலகப் படம் ஒன்றும் உண்டு. நாற்பத்தெட்டு நகரங்களின் நேரம் அதில் அடங்கியுள்ளது. ஐந்து எழுப்பு மணிகள். நொடியில் நூறிலொரு பங்கு அளக்கும் ஓட்டக் கடிகாரம். நூறு மீட்டர் நீர் காப்பு. மின்கலம் பத்தாண்டு வரை உழைக்கும் என்கின்றனர் செய்தோர்.

இரண்டையும் முப்பது நாள் அருகருகே ஓடவிட்டோம். நாள்தோறும் காலையில் வானொலியின் மணியொலியோடு ஒப்பிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். எழுத்தர்க்குப் பதிவேடு எழுதுவதில் அலுப்பு ஏது? மாமாவின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 நொடி முந்தியது. முப்பது நாளில் ஐந்தரை நிமிடம். குவார்ட்ஸ் கடிகாரம் முப்பது நாளும் சேர்ந்து 9 நொடி முந்தியது.

இந்த எண்களைப் பார்த்து மாமாவின் கடிகாரத்தை இகழ்தல் தகாது. ஒரு நாளுக்கு 86,400 நொடி. அதில் 11 நொடி பிழை என்றால் ஏறத்தாழ எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பொறி ஒன்று நாளொன்றுக்கு நான்கு லட்சத்து முப்பத்தீராயிரம் முறை துடித்து, எண்ணாயிரத்தில் ஒன்றே பிழைக்கிறது. நம்மில் எவர் அத்தகைய பணியாளர்?

மற்றொன்றும் கண்டோம். இரவில் கழற்றி வைக்கும்போது முகம் மேல்நோக்கியிருந்தால் ஒரு விதமாகவும், சாவிக்குமிழ் கீழே இருக்கச் சாய்த்து வைத்தால் வேறு விதமாகவும் பிழை மாறுகிறது. புவியின் ஈர்ப்பு துடிப்புச் சக்கரத்தைத் தாக்குவதே காரணம். பொத்தானை அழுத்தி நெடுமுள்ளை நாள் முழுதும் ஓடவிட்டால் வில்சுருள் விரைவில் தளர்கிறது. காந்தமும் இதற்குப் பகை. ஒலிபெருக்கியின் மேலும், காந்த மூடியுள்ள கைப்பேசி உறையின் அருகிலும் வைத்தலாகாது. குவார்ட்ஸுக்கு இவ்வளவு பத்தியம் இல்லை. எனினும் கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் படிகத்தின் துடிப்பு சிறிது மாறும் என்பதை அறிக.

பயணத்திற்கு எது?

நேரம் என்பது இடத்தைப் பொறுத்தது என்பதை இருப்புப்பாதைத் துறையினர் நன்கு அறிவர். புவி பதினைந்து பாகை சுழல ஒரு மணி ஆகிறது; ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நம் இந்திய நேரம் 82½ பாகைக் கோட்டிற்கு உரியது. கொச்சியோ 76¼ பாகையில் உள்ளது. ஆகவே சூரியன் நம் தலைக்கு நேரே வரும் வேளை கடிகாரத்தில் சராசரியாகப் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். 1802-இல் சென்னை வானிலையத்தில் கோல்டிங்காம் என்பவர் கணித்த சென்னை நேரமே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாக விளங்கிற்று. 1906 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் இன்றைய இந்தியப் பொது நேரம் வந்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே இத்தனை கணக்கு உண்டெனில், கடல் கடந்தால் கேட்க வேண்டுமா?

ஐக்கிய அரபு நாடுகள் நமக்கு ஒன்றரை மணி பின். சவூதி, குவைத், கத்தார் ஆகியவை இரண்டரை மணி பின். சிங்கப்பூரும் மலேயாவும் இரண்டரை மணி முன். இலண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நான்கரை மணி பின். முட்களாலான கடிகாரத்தில் இவற்றை மனத்தால் கணக்கிட வேண்டும். பயணக் கடிகாரத்தில் நகரின் பெயரைத் தேர்ந்தால் போதும். இலண்டன் போன்ற ஊர்களுக்குக் கோடை நேரத்தை மட்டும் நாமே பொத்தானை அழுத்தித் திருத்த வேண்டும். மறந்தால் ஒரு மணி தவறும்.

"கைப்பேசி இருக்க இவை எதற்கு?" என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் கைப்பேசியை வாயிலிலேயே வைத்துவிட்டுச் செல்ல வேண்டிய இடங்கள் பல. மின்னூட்டம் தீர்ந்தால் கைப்பேசி ஊமை. மேலும், மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தவர் மணியை மட்டும் பார்த்துவிட்டு மீளுதல் அரிதினும் அரிது!

ஆகவே வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு நாம் பரிந்துரைப்பது மலிவான குவார்ட்ஸ் பயணக் கடிகாரமே. வியர்வையும் புழுதியும் அதனை வாட்டா. தொலைந்தால் கண்ணீர் இல்லை. களவு போகுமோ என்ற அச்சம் இல்லை. அதிகாலைப் பணிக்கு எழுப்பும். குரோனோகிராப்போ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் இடப்பட வேண்டும். அக்கூலி ஒவ்வொன்றுக்கும் பல பயணக் கடிகாரங்கள் வாங்கலாம். நீருக்கடியில் அதன் பொத்தானைத் தொடவே கூடாது. ஆனால் எண் கடிகாரத்திற்கும் குறை உண்டு. எழுத்து சிறிது, முதியோர் கண்ணுக்கு எட்டாது. மின்கலம் தீர்ந்து, அதன் மின்சுற்றும் பழுதானால் அதனைச் செப்பனிடுவார் இலர், குப்பைக்கே போகும். மாமாவின் கடிகாரத்தில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால், அதே போன்ற ஒன்றைக் கடைந்து பொருத்தவல்ல கைகள் இன்னும் உள்ளன.

குழந்தைகள் உள்ள இல்லத்தார்க்கு ஓர் எச்சரிக்கை. குவார்ட்ஸ் கடிகாரத்தின் வில்லை மின்கலம் பளபளப்பானது. குழந்தை மிட்டாய் என விழுங்கிவிடலாம். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உட்புறத்தை அரித்துப் பெருந்தீங்கு செய்யும். விழுங்கியதாக ஐயம் தோன்றினும், 'தானே வெளிவரும்' என்று காத்திராமல் அக்கணமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்க. பழைய மின்கலத்தை மாற்றியதும் ஒட்டுத்தாளில் சுற்றி அகற்றுக.

தாயார் சொன்ன தீர்ப்பு

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, இரண்டு கடிகாரங்களையும் குறிப்பேட்டையும் தாயார் முன் வைத்தோம். தம்பி குறிப்பேட்டைப் பார்த்தான். "இது ஒன்பது நொடி, அது அஞ்சரை நிமிசம். இனி என்ன பேச்சு?" என்று பயணக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டான். பின்னர் மற்றதைத் தொட்டு, "இப்ப நல்லா ஓடுதுல்லா? அப்ப நாற்பதுக்கு மேலயே கேட்கலாம்" என்றான். பணம் தேவை என்பதும் மெய். அவன் சொன்னதில் தவறில்லை என்பதும் மெய். நாமும் தாயாரின் முகத்தையே நோக்கினோம்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்விடத்து மணிக்கு இதைத் திருப்பி வச்சுத் தா" என்றார்.

நமக்கு முதலில் விளங்கவில்லை. "சார்ஜா மணிக்குத்தான்யா. உன் கணக்கெல்லாம் எனக்கு வராது. நான் கூட்டிக் கழிச்சு, தப்பா நெனைச்சு, அவன் தூங்குற நேரத்துல போன் பண்ணிருவேன். இது அவன் மணியைக் காட்டட்டும். அஞ்சு நிமிசம் முந்தினா எனக்கென்ன? நான் என்ன ரயிலா பிடிக்கப் போறேன்?" என்றார்.

நாம் முப்பது நாள் எழுதிய பதிவேடு ஒரு நொடியில் தன் பொருளைக் கண்டுகொண்டது. எந்தக் கடிகாரம் சிறந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தோம். யாருக்கு, எதற்கு என்று கேட்க மறந்தோம். படகைப் பிடிக்க வேண்டியவனுக்கு ஐந்து நிமிடம் ஒரு வேலையின் விலை. பிள்ளை உண்டானா, உறங்கினானா என்று நினைக்கும் தாய்க்கு ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை. அவருக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியும் பெரிய முகமும், தெரிந்த முட்களும், நாள்தோறும் தம் கையால் செய்ய ஒரு சிறு பணியுமே.

பயணச் செலவுக்கு நம் வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்றோம். தவணை இன்னும் கழிந்துகொண்டிருக்கிறது, அதனை மறைப்பதற்கில்லை. கடிகாரத்தை விற்றிருந்தால் அச்சுமை இல்லை. தம்பி தன் முதற்சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை அனுப்பி, 'மாமா கடிகாரத்து எண்ணெய்க் கூலி' என்று எழுதியிருந்தான். அவன் கோபமும் அவ்வளவில் தீர்ந்தது போலும்.

இப்போது காலை ஆறு மணிக்குத் தாயார் விளக்கேற்றியதும் அலமாரியைத் திறந்து, இருபது முறை சாவிக்குமிழைத் திருகுகிறார். அங்கே நாலரை, பிள்ளை இன்னும் உறங்குகிறான். ஞாயிறுதோறும் முந்திய நொடிகளைத் திருத்துவது நம் பொறுப்பு. மாலை ஏழரைக்கு அது ஆறு காட்டும்போது, "பணி முடிஞ்சிருக்கும்" என்று கைப்பேசியை எடுக்கிறார்.

அன்பர்களே! புதுக்கடிகாரம் வாங்குவோர் வாங்குக. பயணம் போவோர் மலிவானதையே கட்டிச் செல்க. ஆனால் நும் இல்லத்துப் பெட்டியில் தந்தையோ மாமனோ விட்டுச்சென்ற கடிகாரம் துணியில் சுற்றிக் கிடக்குமாயின், அதனை நேர்காணலுக்கு அனுப்பாதீர், விற்கவும் விரையாதீர். முதலில் எண்ணெய் இட்டு ஓடவிடுங்கள். ஓடிய பின்னர் அதற்கு எது பணி என்பதை வீட்டிலுள்ள மூத்தோரே சொல்லுவர்.